எதுவார் லூக்கா
39 இலக்கங்களைக் கையால் வென்ற உபாத்தியாயர்

1870-ம் வருஷம் ஜூலை மாதத்தில் பிரான்ஸுக்கும் பிரஷ்யாவுக்கும் யுத்தம் மூண்டது. இரண்டு மாதத்திற்குள் ஸெடான் களத்தில் மூன்றாம் நெப்போலியன் சக்கரவர்த்தியே எதிரியின் கையில் சிறைப்பட்டார். பாரிஸ் முற்றுகைக்குள்ளாகிப் பட்டினியால் வாடிப் பணிந்தது. 1871-ல் பிராங்க்பர்ட் நகரில் கையெழுத்தான உடன்படிக்கையால் பிரான்ஸ் அல்ஸாஸ் மாகாணத்தையும் லொரேனின் ஒரு பகுதியையும் இழந்ததுடன், 500 கோடி பிராங்க் அபராதமும் செலுத்த நேர்ந்தது. அந்தத் தோல்வியுற்ற சேனையில், பீரங்கிப் படையின் அதிகாரிகளுள் ஒருவராக நின்றவர் எதுவார் லூக்கா. ஆங்கிலப் புத்தகங்களின் வழியே அறிந்தவர்கள் இவரை லூகாஸ் என்பர். அவர் நாட்டார் உச்சரிக்கும் முறையை ஒட்டி நாம் லூக்கா என்றே எழுதுகிறோம்.

பட்டாளத்தில் இவர் செய்த சேவையைப் பற்றிச் சரித்திரம் அதிகம் பேசவில்லை. யுத்தம் முடிந்து ஐந்தாண்டு கழிவதற்குள் இவர் செய்த காரியம் ஒன்றைத்தான் உலகம் இன்றளவும் பேசுகிறது. இரண்டு என்னும் எண்ணை 127 முறை எழுதித் தம்முள் பெருக்கி, வந்த தொகையில் ஒன்றைக் கழித்தால் கிடைக்கும் எண், ஒன்றாலும் தன்னாலுமன்றி வேறு எதனாலும் வகுபடாத பகா எண் என்று 1876-ல் இவர் நிலைநாட்டினார். அந்த எண் இது: 170141183460469231731687303715884105727. 39 இலக்கங்கள் கொண்டது. கையால் கணக்கிட்டுப் பகா எண்ணென்று மெய்ப்பிக்கப்பட்ட எண்களுள் இதனினும் பெரியது இல்லை.

லூக்கா 1842-ம் வருஷம் ஏப்ரல் 4-ந் தேதி, வட பிரான்ஸில் உள்ள அமியேன் நகரில் பிறந்தார். பாரிஸில் எக்கோல் நொர்மால் என்னும் புகழ்பெற்ற ஆசிரியப் பயிற்சிக் கலாசாலையில் பயின்றார். பிறகு பாரிஸ் வானசாஸ்திர நிலையத்தில் லெவெர்ரியேயின் கீழ் உத்தியோகம் கிடைத்தது. லெவெர்ரியே யாரென்று நமது வாசகர்கள் அறிவார்கள்: கண்ணால் காணுமுன் கணக்கினாலேயே நெப்டியூன் கிரகம் இருக்குமிடத்தைக் கூறிய மகா மேதாவி. ஆனால் கீழிருப்பவர்களை நடத்துவதில் அவரைப் போன்ற கொடிய எஜமானர் அக்காலத்துப் பாரிஸில் அரிது. சிப்பந்திகளின் கூக்குரல் தாங்காமல் 1870-ல் அரசாங்கமே அவரைப் பதவியினின்று விலக்கியது. பின் 1873-ல் மறுபடியும் நியமித்தது. ஆயினும் நீண்ட கணக்கைப் பிழையின்றிப் பொறுமையாகப் போடும் பழக்கத்தை லூக்கா அங்கே பெற்றிருக்க வேண்டும் என்று ஊகிக்கலாம்.

யுத்தத்திற்குப் பின் அவர் மூலேன் என்ற சிறிய நகரத்தின் பள்ளிக்கூடத்தில் கணித உபாத்தியாயரானார். பின்னர் பாரிஸுக்கு வந்து, ஸேன் லூயி, ஷார்லமாஞ் என்னும் இரண்டு உயர்தரப் பள்ளிகளில் போதித்தார். சர்வகலாசாலைப் பேராசிரியர் பதவி கடைசி வரையில் அவருக்குக் கிட்டவில்லை. எண்களின் இயல்பை ஆராய்வதை அக்காலத்துப் பிரெஞ்சுப் பண்டிதர்கள் பெரிதாக மதிக்கவில்லை; விளையாட்டுக் கணக்குகளில் ஈடுபடுபவரையோ அதனினும் குறைவாகவே மதித்தனர். லூக்கா இரண்டிலும் ஈடுபட்டவர்.

அவருடைய பெரும் வெற்றியின் அருமையை உணர வேண்டுமானால், அவருக்கு முன் இருந்த நிலைமையைச் சிறிது பார்க்க வேண்டும். இரண்டின் அடுக்கில் ஒன்று குறைந்த எண்கள் மீது மனிதர்க்குள்ள மோகம் மிகப் பழையது. 6 என்ற எண்ணைச் சரியாக வகுக்கும் எண்கள் 1, 2, 3. இவற்றைக் கூட்டினால் 6 வரும். 28-ம் இத்தகையதே, 496-ம் 8128-ம் அவ்வாறே. இவற்றைக் கிரேக்கர் பூரண எண்கள் என்றனர். இரண்டின் அடுக்கில் ஒன்று குறைந்த எண் பகா எண்ணாய் இருந்தால், அதனினின்று ஒரு பூரண எண் பிறக்கும் என்று யூக்ளிட் காட்டினார். 1644-ல் மெர்சேன் என்னும் பிரெஞ்சுப் பாதிரியார், எந்தெந்த அடுக்குகளில் இத்தகைய பகா எண் கிடைக்கும் என்று ஒரு ஜாபிதா வெளியிட்டார்: 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257. நிரூபணம் எதுவும் அவர் கொடுக்கவில்லை. 31-ம் அடுக்கைப் பற்றி அவர் சொன்னது மெய்யே என்று காட்ட 1772-ல் ஆய்லர் வர வேண்டியிருந்தது. அந்த எண் 2147483647. பத்தே இலக்கங்கள் கொண்டது. அதற்கு மேலுள்ள மூன்று எண்களையும் சோதிக்கும் துணிவு ஒருவருக்கும் இல்லாதிருந்தது.

துணிவின்மைக்குக் காரணம் உண்டு. ஓர் எண் பகா எண்ணா என்றறியப் பழைய வழி, அதனைச் சிறிய எண்களால் ஒவ்வொன்றாக வகுத்துப் பார்ப்பதே. 127-ம் அடுக்கின் எண்ணுக்கு இந்த வழியை மேற்கொண்டால், 20 இலக்க எண்கள் வரையில் வகுத்துப் பார்க்க வேண்டும். வகுக்கக்கூடிய எண், 254-ஆல் வகுத்தால் 1 மீதி வருவதாகவே இருக்க வேண்டும் என்ற விதியையும், அது போன்ற வேறு விதிகளையும் கொண்டு வேண்டாதனவற்றைத் தள்ளிவிடலாம். தள்ளிய பிறகும், விநாடிக்கு ஒரு வகுத்தல் வீதம் இரவும் பகலும் ஓயாது செய்தால் கோடிக்கணக்கான ஆண்டுகள் பிடிக்கும். ஆய்லரே உயிர் பெற்று வந்தாலும் ஆகாத காரியம்.

லூக்கா அந்த வாயிற்படியை மிதிக்கவேயில்லை. வகுக்கும் எண்ணைத் தேடாமலே, எண்ணின் உள்ளியல்பைச் சோதிக்க ஒரு வழி கண்டார். அது மிகவும் எளிது; நமது வாசகர்கள் ஒரு காகிதமும் பென்சிலும் கொண்டு செய்து பார்க்கலாம். 3-ல் தொடங்குக. அதன் வர்க்கத்தில் 2 கழிக்க, 7 வரும். 7-ன் வர்க்கத்தில் 2 கழிக்க, 47. இவ்வாறே மேலும் மேலும் செல்க. எண் பெரிதாகிவிட்டால், சோதிக்கப்படும் எண்ணால் வகுத்து மீதியை மாத்திரம் வைத்துக்கொள்க. 7-ம் அடுக்கின் எண்ணாகிய 127-ஐச் சோதிப்போம். 3, 7, 47 என்பவற்றின் பின் 2207. அதனை 127-ஆல் வகுக்க மீதி 48. 48-ன் வர்க்கத்தில் 2 போக 2302, மீதி 16. 16-ன் வர்க்கத்தில் 2 போக 254. இது 127-ன் சரியான இரு மடங்கு, மீதி சூனியம். அடுக்கில் இரண்டு குறைவான தடவை, அதாவது ஐந்தாம் தடவையில், சூனியம் வந்துவிட்டது. ஆகவே 127 பகா எண். சூனியம் வராதிருந்தால் அது பகா எண்ணன்று. 3-ல் தொடங்கும் இந்த முறை 7, 67, 127 போன்று நான்கால் வகுத்தால் 3 மீதி வரும் அடுக்குகளுக்குப் பொருந்தும்.

இந்த 3, 7, 47 என்பவை எங்கிருந்து வந்தன? 1, 3, 4, 7, 11, 18, 29, 47 என்று, முந்திய இரண்டையும் கூட்டி அடுத்ததைப் பெறும் ஒரு வரிசையினின்று வந்தவை. இதற்கு இன்று லூக்கா வரிசை என்றே பெயர். இதன் உடன்பிறப்பான 1, 1, 2, 3, 5, 8, 13 என்ற வரிசைக்கு, 1202-ல் அதைத் தமது நூலில் எழுதிய இத்தாலியரின் நினைவாக பிபொனாச்சி வரிசை என்ற பெயரைப் பரப்பியவரும் லூக்காவே. யாப்பில் குறிலையும் நெடிலையும் எத்தனை விதமாக அடுக்கலாம் என்று எண்ணிய விரஹாங்கரும், பின்னர் 1150-ஐ ஒட்டி ஹேமசந்திர ஸூரியும் அதே வரிசையை நமது நாட்டில் கண்டு எழுதியிருந்தனர். அது ஐரோப்பியருக்கு அக்காலத்தில் தெரியாது. ஆதலின் பெயரிட்டவரைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் நமது சிறுவர்களுக்கு அந்த வரிசையைப் போதிக்கும் உபாத்தியாயர்கள் முந்திய இரு பெயர்களையும் சேர்த்துச் சொல்வதில் தடை என்ன இருக்கிறது?

127-ம் அடுக்கின் எண்ணுக்கு மேற்கண்ட காரியத்தை 125 தடவை செய்ய வேண்டும். ஒவ்வொரு தடவையும் 39 இலக்க எண்ணைத் தன்னால் பெருக்கி, வரும் 77 இலக்கத் தொகையை மறுபடியும் வகுப்பதென்றால் எவரும் மலைப்பர். லூக்கா இங்கே ஒரு யுக்தி செய்தார். பத்தின் அடுக்குகளால் எழுதுவதை விட்டு, இரண்டின் அடுக்குகளால் எழுதினார். அப்படி எழுதினால் ஒன்றும் சூனியமும் அன்றி வேறு இலக்கம் இல்லை. பெருக்கல் வாய்பாடே வேண்டியதில்லை. மேலும் இரண்டின் 127-ம் அடுக்கை இந்த எண்ணால் வகுத்தால் மீதி ஒன்று. ஆகவே 127 இடங்களுக்கு அப்பால் வழியும் இலக்கம் எதுவானாலும் அதை அப்படியே வலக்கோடிக்குக் கொண்டுவந்து சேர்த்துவிட்டால் வகுத்தலும் முடிந்துவிடும்.

இதனை அவர் சதுரங்க ஆட்டம் போலவே அமைத்துக் காட்டினார். நீளத்திலும் அகலத்திலும் 127 கட்டங்கள் கொண்ட பலகை. ஒன்று இருக்கும் இடத்தில் காய். சூனியம் இருக்கும் இடம் காலி. பெருக்கலின் ஒவ்வொரு வரிசையும் முந்தியதினின்று ஓரிடம் நகர்ந்தது; பலகையின் விளிம்பைத் தாண்டிய காய் மறு விளிம்பில் ஏறிக்கொள்ளும். ஒரே நிரலில் இரண்டு காய்கள் இருந்தால் இரண்டையும் எடுத்துவிட்டு, இடப்புறத்து நிரலில் ஒன்றை வைக்க வேண்டும். கடைசியில் ஒரு வரிசை எஞ்சும்; அதில் இரண்டைக் கழித்துவிட்டு அடுத்த ஆட்டத்தைத் தொடங்க வேண்டும். மின்சார யந்திரங்கள் இன்று ஒன்றையும் சூனியத்தையும் கொண்டு செய்யும் கணக்கிற்கும் இதற்கும் தத்துவத்தில் வேறுபாடு இல்லை. அவரோ ஓர் உபாத்தியாயர். கையிலிருந்தவை காய்களும் பலகையும்.

127-ம் அடுக்கில் மெர்சேன் சொன்னது மெய்யாயிற்று. 67-ம் அடுக்கில் பொய்யாயிற்று. அதே 1876-ல், 67-ம் அடுக்கின் எண்ணாகிய 147573952589676412927 பகா எண்ணன்று என்றும் லூக்கா காட்டினார். வேடிக்கை என்னவெனில், அது எந்த எண்களின் பெருக்கம் என்று அவராலேயே சொல்ல முடியவில்லை. திருடன் வீட்டுக்குள் இருக்கிறான் என்பது நிச்சயம். எந்த மூலையில் என்பது தெரியாது. 1903-ல் நியூயார்க்கில் கூடிய கணித சபை ஒன்றில் கோல் என்னும் அமெரிக்கர், ஒரு வார்த்தையும் பேசாமல் கரும்பலகையில் 193707721 என்பதையும் 761838257287 என்பதையும் எழுதிப் பெருக்கிக் காட்டிவிட்டு அமர்ந்தார். சபையோர் கைதட்டினர். அதைக் கண்டுபிடிக்க அவர் மூன்றாண்டு ஞாயிற்றுக்கிழமைகளைச் செலவிட்டாராம். பாதிரியாரின் ஜாபிதாவில் 257-ம் தவறென்று பின்னர் வெளியாயிற்று. 61, 89, 107 என்ற மூன்றை அவர் விட்டுவிட்டதும் தெரியவந்தது.

லூக்காவின் நிரூபணங்களில் குறைகள் இல்லாமலில்லை. முடிவைக் கண்டவுடன் அடுத்ததற்குத் தாவும் சுபாவம் அவருக்கு. 1878-ல் அமெரிக்காவில் புதிதாகத் தோன்றிய கணிதப் பத்திரிகையின் முதல் தொகுதியிலேயே தமது ஆராய்ச்சியை நீண்ட கட்டுரையாக வெளியிட்டார். அதில் சில இடங்களில் வாதம் தளர்ந்திருந்தது. 1930-ல் லெஹ்மர் என்னும் அமெரிக்கர், எல்லா ஒற்றைப்படைப் பகா அடுக்குகளுக்கும் பொருந்தும்படி 4-ல் தொடங்கும் முறையை ஐயத்திற்கிடமின்றி நிரூபித்தார். அது முதல் இச்சோதனைக்கு இருவர் பெயரும் சேர்ந்து வழங்குகின்றது.

பீரங்கிப் படையில் இருந்தவர் என்பதற்கு அடையாளமாக ஒரு புதிரும் உண்டு. குண்டுகளைச் சதுரமாகப் பரப்பி, அதன் மேல் சிறிய சதுரமாக அடுக்கிக்கொண்டே போய், உச்சியில் ஒரே குண்டு நிற்கும்படி கோபுரம் கட்டினால், மொத்தக் குண்டுகளை மீண்டும் ஒரே சதுரமாகப் பரப்ப முடியுமா? அடிச்சதுரத்தின் பக்கத்திற்கு 24 குண்டுகள் இருந்தால் முடியும்; மொத்தம் 4900, அது 70-ன் வர்க்கம். ஒற்றைக் குண்டு நீங்கலாக வேறு எந்த அளவிலும் முடியாது என்று 1875-ல் லூக்கா கூறினார். அதை முழுவதும் நிரூபித்தவர் 1918-ல் வாட்ஸன். நமது ராமானுஜத்தின் நோட்டுப் புஸ்தகங்களைச் சோதித்துச் செப்பனிடும் வேலையில் பின்னாளில் பல வருஷம் உழைத்த அதே ஆங்கிலேயர்.

இனி, உலகத்துக் குழந்தைகள் யாவரும் அறிந்த அவருடைய விளையாட்டுச் சாமானுக்கு வருவோம். 1883-ல் பாரிஸ் கடைகளில் ஹனாய் கோபுரம் என்றொரு பொம்மை விற்பனைக்கு வந்தது. மூன்று கம்பங்கள், ஒன்றில் பெரிதினின்று சிறிதாக எட்டு வட்டுகள். ஒரு தடவைக்கு ஒரு வட்டு வீதம், சிறியதன் மேல் பெரியதை வைக்காமல், எல்லாவற்றையும் வேறு கம்பத்துக்கு மாற்ற வேண்டும். இதனை இயற்றியவர் சீயத்தைச் சேர்ந்த கிளாஸ் என்றும், லீ-ஸூ-ஸ்தியான் கலாசாலைப் பண்டிதர் என்றும் பெட்டியில் அச்சிட்டிருந்தது. எழுத்துக்களை மாற்றி அடுக்கினால் முதற்பெயர் அமியேன் லூக்கா என்றாகும். கலாசாலை ஸேன் லூயி என்றாகும்.

எட்டு வட்டுகளுக்கு வேண்டிய நகர்த்தல்கள் 255. எத்தனை வட்டானாலும், இரண்டின் அத்தனையாம் அடுக்கில் ஒன்று குறைவு. தாம் ஆராய்ந்த எண்களையே மரத்தில் கடைந்து குழந்தைகள் கையில் கொடுத்துவிட்டார்! 127 வட்டுகள் வைத்தால், நகர்த்தல்களின் தொகை அவருடைய 39 இலக்கப் பகா எண்ணேயாகும்.

விற்பனைக்காக ஒரு கதையும் கட்டப்பட்டது. காசியில் ஒரு பெரிய கோயிலில், வைர ஊசிகள் மூன்றில் 64 பொன் வட்டுகளைப் பிரமன் கோத்து வைத்தானாம். பூசாரிகள் அல்லும் பகலும் அவற்றை மாற்றிக்கொண்டிருக்கிறார்களாம். மாற்றி முடிந்த கணத்தில் உலகம் அழிந்துவிடுமாம். காசியில் அப்படி ஒரு கோயில் இருந்ததுமில்லை, நம் புராணங்களில் அந்தக் கதையும் இல்லை. ஆயினும் அது ஹிந்துக்களின் பழைய ஐதீகம் என்று எத்தனையோ ஆங்கிலப் புத்தகங்களில் அச்சாகி, அவற்றைப் படித்த நம்மவர் சிலரும் நம்பும்படி ஆகிவிட்டது. பூசாரிகள் விநாடிக்கு ஒரு வட்டு மாற்றினாலும் 58,000 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகும் என்பது மட்டுமே அந்தக் கதையில் உண்மையான பகுதி.

பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லாமல் செல்ல மனம் வரவில்லை. 1882-ல் ரிவியேர் என்ற பிரெஞ்சுத் தளகர்த்தர் ஹனாய்க் கோட்டையைப் பிடித்தார். 1883 மே மாதத்தில் அந்நகருக்கருகிலேயே போரில் மாண்டார். அதே ஆகஸ்டில் அன்னம் தேசத்தின் மீது பிரெஞ்சுப் பாதுகாப்பு ஆட்சி திணிக்கப்பட்டது. அவ்வாண்டுப் பாரிஸ் பத்திரிகைகளில் ஹனாய் என்ற பெயர் அடிபட்டது அதனால்தான். அல்ஸாஸை இழந்து கண்ணீர் வடித்த தேசம், பன்னிரண்டு வருஷம் கழித்து மற்றொரு தேசத்தின் கழுத்தில் நுகத்தை வைக்கிறது. அந்த நகரத்தின் பெயர் கடைவீதியில் பொம்மைப் பெட்டி மேல் ஏறுகிறது. லூக்காவுக்கு அந்தப் படையெடுப்பில் பங்கு இருந்ததென்று நாம் சொல்லவில்லை. பள்ளிக்கூட உபாத்தியாயர் ஒருவர் தம் பொம்மைக்கு அப்போது வாயில் வந்த பெயரை வைத்தார். அவ்வளவு சாதாரணமாக அந்தப் பெயர் வாயில் வந்ததே நம்மை உறுத்துகிறது.

இந்த எண்களால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்கும் அன்பர்கள் உண்டு. இன்று வங்கிகளுக்கிடையே பணம் போவதும், மனிதரின் அந்தரங்கக் கடிதங்கள் கம்பியின் வழியே பிறர் கண்ணில் படாமல் செல்வதும், பெருமளவில் பெரிய பகா எண்களைக் கொண்டு அமைத்த பூட்டுகளால்தான். லூக்கா இதை எதிர்பார்த்துச் செய்யவில்லை. எதிர்பார்த்திருந்தால் அவருக்குப் பேராசிரியர் பதவியாவது கிடைத்திருக்கும்.

அவருடைய எண் 75 ஆண்டுகள் உலகில் அறியப்பட்ட பகா எண்களில் மிகப் பெரியதாக அரசு வீற்றிருந்தது. 1951-ல்தான் யந்திரங்களின் துணையால் அதனினும் பெரிய எண்கள் கிடைத்தன. 1952-ல் மின்சாரக் கணித யந்திரத்தில் லூக்காவின் சோதனையையே ஓட்டி 521-ம் அடுக்கின் பகா எண்ணைக் கண்டனர். 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட பகா எண் இரண்டின் 136279841-ம் அடுக்கில் ஒன்று குறைந்தது. அதன் இலக்கங்கள் 4 கோடியே 10 லட்சத்துக்கு மேல். அதனை ஐயமற உறுதி செய்ததும், வர்க்கத்தில் இரண்டைக் கழித்துக்கொண்டே செல்லும் அதே சோதனைதான்.

1891 செப்டம்பரில் பிரெஞ்சு விஞ்ஞான முன்னேற்ற சங்கத்தின் மகாநாடு மார்ஸேய் நகரில் நடந்தது. லூக்கா அதற்குச் சென்றிருந்தார். விருந்தின்போது பரிமாறுபவர் ஒருவர் கை தவறித் தட்டுகளைக் கீழே போட்டார். சிதறிய பீங்கான் துண்டு ஒன்று லூக்காவின் கன்னத்தில் பட்டுக் காயமாயிற்று. யாரும் அதைப் பெரிதாக எண்ணவில்லை. சில நாளில் காயம் சீழ்வைத்துச் சருமத்தில் கொடிய அழற்சி பரவிற்று. அக்டோபர் 3-ந் தேதி, பாரிஸில், 49-வது வயதில் அவர் உயிர் நீத்தார்.

எண்களின் சாஸ்திரத்தைப் பற்றி அவர் எழுதத் தொடங்கிய பெரிய நூலின் முதற்பாகம் அதே 1891-ல் அச்சாகியிருந்தது. விளையாட்டுக் கணிதத்தைப் பற்றிய நூலின் கடைசி இரண்டு தொகுதிகளை நண்பர்கள் 1893-லும் 1894-லும் வெளியிட்டனர். எண்களின் சாஸ்திரத்திற்கு இரண்டாம் பாகம் வரவேயில்லை.